மூன்று நாள் சாட்சி

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? வெயில் ஏறிக்கொண்டே போகிறதே, மோர் கீர் குடித்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? மூட்டு வலிக்காரர்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் தேவலையா? நல்லது. ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இது முழுக்கப் பகலில் நடந்தது. அதனால் பயம் இருக்காது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

எண்பத்து நாலாம் வருஷம், மே மாதம். மதுரைக்கு வடக்கே ஆனையூர். அன்று செவ்வாய்க்கிழமை, மணி இரண்டரை இருக்கும். அன்னக்கொடி சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி படுக்கையறைக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு வாடை அடித்தது. பச்சைச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, கண்மாய்க் கரம்பை மண்ணையும் போட்டுப் பிசைந்தால் ஈரமும் புளிப்புமாக ஒரு வாடை வருமே, அது. மண் வீட்டில் அடித்தால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? ஆனால் இது சிமெண்டு பூசி, சுண்ணாம்பு அடித்து, சிவப்பு ஆக்சைடில் தரை போட்ட வீடு. வீட்டில் மாடு கிடையாது, அந்தத் தெருவிலேயே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கல் ஊன்றிய காலி மனைகளும், நாலைந்து பனைகளும், அவற்றின்மேல் ஆவி பறக்கிற வெயிலும்தான்.

வாடை கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. கட்டிலை இழுத்துப் பார்த்தாள்.

சுவர் மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, யாரோ சாணி மெழுகியிருந்தார்கள். ஈரம் காயவில்லை. அரை வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, நாலு விரல் ஓடிய தடம்.

"யக்கோவ்!" பின்கட்டிலிருந்து குரல் வந்தது. அடுத்த வீட்டுச் செல்லக்கிளி, வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். "என்னக்கா, அல்லேலூயா வீட்டுல சாணி வாடை தூக்குது? மாட்டுப் பொங்கலு மே மாசமே வந்துருச்சா?"

"ஒனக்கும் அடிக்குதா?"

"மூக்கு இருக்கவளுக்கு அடிக்காதா? அது கெடக்கட்டும், ஏன் மொகம் இப்புடி வெளுத்துப் போச்சு? எதையும் மிதிச்சிட்டீகளா?"

"எலி கிலி செத்துருக்கும்டி. நீ போ, நான் கழுவி விட்டுக்கிறேன்."

தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நாலு வாளித் தண்ணீர் போனது. கழுவிய இடம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் நிமிர்ந்து வெளியே வந்த பிறகு, சாத்திய அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெதுவாக இழுக்கிற சத்தம். சர்ர்... கொஞ்சம் நிறுத்தி, மறுபடி, சர்ர்...

அந்தப் பக்கத்துச் சபைகளில் அன்னக்கொடியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைச் சேலை, வெறும் காது, வெறும் கழுத்து, கக்கத்தில் வேதப்புத்தகம். சமயநல்லூரிலிருந்து பேரையூர் வரைக்கும் எங்கே எழுப்புதல் கூட்டம் போட்டாலும், "அந்த மூணு நாள் அம்மாவக் கூப்புடுங்க" என்பார்கள். அவளுடைய சாட்சி அப்படிப் பேர் வாங்கியது. "நான் பொல்லாத பொம்பளைங்க" என்று ஆரம்பிப்பாள். "கைய ஓங்குனா அடிக்காம எறக்க மாட்டேன். வாயத் தொறந்தா எவ குடியும் வெளங்காது. எழுவத்தஞ்சாம் வருசப் பஞ்சத்துல, மதுரையில மூணு நாள் கன்வென்ஷன். மொத நா சாயங்காலம் என் கல் மனசு ஒடஞ்சுச்சு. ரெண்டாம் நா பூரா அழுதேன். மூணாம் நா, ஆத்துல தண்ணி இல்லாம, சிமெண்டுத் தொட்டியில முங்கி ஞானஸ்நானம் எடுத்தேன். போகயில பழைய அன்னக்கொடி. வாரயில புது அன்னக்கொடி." இந்த இடத்தில் கூட்டம் முழுக்க மூக்கைச் சிந்தும். "ஸ்தோத்திரம்!" என்று பந்தல் அதிரும்.

ஒன்பது வருஷமாக நூறு மேடையில் சொல்லியிருப்பாள். அந்த மூன்று நாளும் தன் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

புருஷன் தவசிக்கு ஒரு தங்கை இருந்தாள், ஒச்சம்மாள். பிறவி ஊமை. இருபத்தைந்து வயதுக்கும் கல்யாணம் ஆகவில்லை. "ம்பே" என்கிற ஒரே சத்தம்தான் அவளுக்கு எல்லாவற்றுக்கும். பசித்தாலும் அதுதான், சிரித்தாலும் அதுதான். தவசி லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே போய்விடுவார். பேரையூர்ப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி இருந்த தோட்ட வீட்டில் இந்த இரண்டு பெண்களும் தனியாகக் கிடப்பார்கள். அன்னக்கொடி அப்போதுதான் சபைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் ஆண்டவருக்கென்று போட்டுவைப்பது வழக்கம். பஞ்சத்திலும் அவள் அதை விடவில்லை. தன் சோற்றைக் குறைக்காமல், ஒச்சம்மாள் சோற்றைக் குறைத்துப் போட்டுவந்தாள்.

கன்வென்ஷனுக்குக் கிளம்புகிற வெள்ளிக்கிழமை காலையில், தானியக் குலுக்கையை உள்ளே மெழுகச் சொல்லி ஒச்சம்மாளை இறக்கிவிட்டாள். ஆள் உயரத்துக்கு மேல் மண்ணால் எழுப்பிய குலுக்கை. மேலே ஒரு ஒல்லியான ஆள் இறங்குகிற அளவுக்கு வாய், கீழே தானியம் இறக்க, கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். மூங்கில் ஏணியை உள்ளே விட்டு, சாணிப் பானையையும் இறக்கிக் கொடுத்தாள். பிறகு வீட்டுக்குள் வந்து பார்த்தால், ஆண்டவருடைய அரிசிப் பானையில் பாதி இல்லை. திரும்பப் போய்க் குலுக்கைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒச்சம்மாள் அண்ணாந்து சிரித்தாள். கடைவாயில் நாலு பச்சரிசி ஒட்டியிருந்தது.

அன்னக்கொடி ஏணியை உருவி மேலே எடுத்தாள்.

"நல்லா மொழுகு. நான் வந்து ஏணி போடுறேன்" என்றாள். மூடியைப் போட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஊருக்குச் சொன்ன கதை வேறு. ஊமைப் பெண், தானாகவே மெழுகக் குதித்து, ஏற முடியாமல் செத்துப்போனாள் என்று சொன்னாள். ஊரும் நம்பியது. லாரியிலிருந்து வந்து இறங்கிய தவசியும் தலையிலடித்து அழுதுவிட்டு நம்பினார். அல்லது அன்னக்கொடி அப்படித்தான் நினைத்தாள்.

புதன்கிழமை காலை மெழுகல் முழங்கால் உயரம் வந்திருந்தது. கழுவினாள். வியாழக்கிழமை காலை இடுப்பு உயரம். ஒரு மூலையில் மட்டும் இல்லை, நாலு மூலையிலும். மூலை என்பதே மழுங்கி, சுவரும் சுவரும் சேருகிற இடம் பானைக்கு உள்புறம்போல வளைந்து வந்தது. கட்டிலோரம் விசிறி மாட்டத் தாழ அடித்திருந்த ஆணி சாணிக்குள் புதைந்து ஒரு மொட்டாகத் தெரிந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. வெளியே காலையிலேயே அனல் வெயில், சுவர் மட்டும் பிணத்தின் வயிற்றைப்போலக் குளிர்ந்து கிடந்தது.

"சுவத்துல என்னத்தத் தேடுறவ?" தவசி வாசலில் நின்றார். லாரியை விட்டுவிட்டு, இப்போது ஒரு மரக்கடையில் மேஸ்திரியாக இருந்தார். சபையில் முன்வரிசை ஆள்.

"இந்தா, இது ஒங்களுக்குத் தெரியலையா?"

"சுண்ணாம்புதான் தெரியுது. தேச்சுத் தேச்சு அதையும் ஒரிச்சிப்புட்ட." உள்ளே வந்தவர் கட்டில் காலில் பெருவிரலை இடித்துக்கொண்டார். "எவ இந்தக் கட்டில நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டது?"

கழுவி முடித்ததும் அவள் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்திருந்தாள். வளைந்து வந்த மூலைதான் அதை ஒரு முழம் தள்ளியிருந்தது.

அன்று பத்து மணிக்குப் பாஸ்டர் வந்தார். ஆனையூர்ச் சபையின் கூட்டம் வெள்ளி, சனி, ஞாயிறு, இரண்டு தெரு தள்ளிக் காலி மனையில் பந்தல். ரோஸ் நிற நோட்டீஸில் கடைசி நாளுக்கு நேரே சாட்சி என்று அன்னக்கொடியின் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பாஸ்டர் நீர்மோரை ஒரே மூச்சில் குடித்தார். வாடை அடித்ததோ என்னவோ, மூக்கைச் சுளித்தார், கேட்கவில்லை.

"பாஸ்டரய்யா, ஒன்னு கேக்கணும். ரட்சிக்கப்பட்டவுகளுக்குப் பழைய பாவம் ஒன்னு நெனப்புக்கு வந்தா?"

"அதெல்லாம் கழுவிப் போயிருச்சேம்மா. நீங்களே இப்புடிக் கேட்டா மத்தவுக என்ன செய்வாக?"

"கழுவ மாட்டேங்குதே."

அவள் சொன்னவிதத்தில் அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஆண்டவர்ட்ட சொல்லிட்டீகளா?"

"அழுதிருக்கேன். அம்புட்டு அழுதிருக்கேன்."

"அழுகை வேறம்மா. மனந்திரும்புறது வேற. யாருக்குத் தப்புப் பண்ணோமோ அவுகட்டப் போயி, பண்ணது நாந்தான்னு சொல்லணும். அவுகள விட்டுப்புட்டு ஆண்டவர்ட்ட நேராப் போக முடியாது."

"அவுக இல்லாட்டி?"

"அவுகளுக்கு ஒறவு யாரோ, அவுகட்ட. பெறகு சபைக்கு முன்னால." எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம ஆறு மணி. மறந்துறாதீக."

அவர் போன பிறகும் அன்னக்கொடி நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். ஏனென்றால் இதே வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். எழுபத்தைந்தில், மதுரையில், முதல் நாள் சாயங்காலம். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார், கூட்டம் அழத் தொடங்கிய நேரத்தில், கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். வீட்டில் யாரையாவது நோகடித்துவிட்டு வந்திருந்தால் இப்போதே எழுந்து போங்கள், அவர்களைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், ஆண்டவர் காத்திருப்பார் என்றார். இரண்டு பெண்கள் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேரையூருக்கு எட்டு மணி பஸ் இருந்தது. ஏணி அவள் நினைவில் இருந்தது. சாணிப் பானையோடு தண்ணீர் எதுவும் கொடுக்கவில்லை என்பதும் நினைவில் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவள் அழுவதைப் பார்த்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எழுந்து போனால் இது போய்விடும். ஒரு நாள் பட்டினி கிடந்தால் புத்தி வரட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

அவள் மறக்கவில்லை. அதுதான் விஷயம். மறந்திருந்தால் பாவம் சின்னது. தெரிந்தே உட்கார்ந்திருந்தாள். கண்ணீரெல்லாம் அதன்மேல் ஊற்றிய தண்ணீர். ஒன்பது வருஷமாக ரட்சிப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, ஒருத்தி சாகச்சாகத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான். தனக்கு ரட்சிப்பு இன்னும் வரவில்லை, இனிமேல்தான் வர வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சொல்லாமல் செத்தால் போகிற இடம் எது என்பதும் உறைத்தது.

அறைக்குள் சர்ர்... என்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தவசி சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். நின்றபடியே, கரண்டியைக் கையில் வைத்தபடியே, நிறுத்தாமல் சொன்னாள். அரிசியை, ஏணியை, மூடியை, எட்டு மணி பஸ்ஸை. மூன்றாம் நாள் அந்தி சாயும்போது திரும்பி வந்து பார்த்ததையும் சொன்னாள்.

"கீழ தானியம் எறக்குற பொத்தல்ல கைய வெளிய நீட்டிக்கிட்டுக் கெடந்தா. முழங்கை வரைக்கும். கை நெறையச் சாணி. நான்... அத உள்ள தள்ளுனேன். காலால தள்ளுனேன். பெறகுதான் ஊரக் கூப்புட்டேன்."

தவசி குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உள்ள பூராவும் மொழுகியிருந்தாங்க. கை எட்டுற ஒசரத்துக்கு, பாலு மாதிரி வழவழன்னு. காஞ்சு, அதுமேல மொழுகி, மறுபடி மொழுகி. நல்லா மொழுகுனா ஏணி வரும்னு நெனச்சிருக்கா. நான் அப்புடித்தான சொல்லிட்டுப் போனேன்."

அவர் ஒரு வாய் எடுத்து உண்டார். மென்று விழுங்கினார்.

"ஏணிய எங்க வச்ச?" என்று கேட்டார்.

"சுவத்துல சாத்துனேன்."

"கெழக்குச் சுவத்துல."

"ஆமா."

அவர் எழுந்து கை கழுவினார். அழவில்லை, அடிக்கவில்லை. கெழக்குச் சுவர் என்று எப்படித் தெரியும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவளுக்கு, அடி விழாததே பெரிய கிருபையாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம மேடையில இதத்தான் சொல்லப் போறேன்" என்றாள்.

துண்டில் கையைத் துடைத்தபடி, "சொல்லு" என்றார்.

வெள்ளியும் சனியும் இரண்டு பேரும் கூட்டத்துக்குப் போய்வந்தார்கள். தவசி வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார். அறைச் சுவரில் மெழுகல் தோள் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. சனிக்கிழமை காலை ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. சத்தமும் இல்லை. அன்னக்கொடி அந்தக் குளிர்ந்த சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நாளைக்குத்தான், ஆத்தா. நாளைக்குச் சொல்லிப்புடுறேன்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அன்று மத்தியானம்தான் அவள் கெட்ட கனவு இல்லாமல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, வெளுத்த சேலையை எடுக்க அறைக்குள் போனாள். பெட்டியைத் திறந்து குனிந்திருந்தபோது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வெளித் தாழ்ப்பாள்.

"ஏங்க?"

"ஒனக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு பாஸ்டர்ட்டச் சொல்லிக்கிறேன்." கதவுக்கு மிக அருகில், அமைதியான குரல். "கூட்டம் முடிஞ்சதும் வந்து தொறந்து விடுறேன்."

"ஏங்க, கதவத் தொறங்க. இது என் ஆத்துமா சம்பந்தப்பட்டது."

"ஆத்துமா ஒனக்கு மட்டுமா இருக்கு? மரக்கடையில நாளைக்கு நான் தல நிமுந்து நடக்க வேணாமா? மேடையேறி ஒன்னச் சொல்லுவ. பெறகு அவனவன் என்னையத் தோண்டுவான். பேசாமக் கெட."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. வெளிக்கதவு பூட்டுகிற சத்தம்.

செல்லக்கிளியைக் கூப்பிட்டாள். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது, அவள் சமயநல்லூருக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வெளியே காலி மனைகள், பனைகள், வெயில். வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. இரண்டு தெருவுக்கு அப்பால், பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை யாரோ ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊதலுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால், மிக அருகில், அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது.

சர்ர்...

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மெழுகல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணெதிரே. காணாத ஒரு கை இழுக்க இழுக்க, வெள்ளைச் சுவரில் நாலு விரல் ஈரம், அரை வட்டம், அதன் பக்கத்தில் இன்னொரு அரை வட்டம். அவசரமில்லாமல். வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பிள்ளையைப்போல. தலை உயரம். தலைக்கு மேலே. பிறகு ஜன்னல்மேலும் படர்ந்தது, கீழ்க் கம்பி மறைந்தது. நடுக் கம்பி. வெளிச்சம் ஒரு சாணாகி, ஒரு விரலாகி, நூலாகியது.

இருட்டு.

அவள் முழங்காலில் விழுந்தாள். தரை ஆக்சைடு இல்லை. மண்.

"நாந்தான்" என்றாள். "ஒச்சு, நாந்தான் ஏணிய எடுத்தேன்."

சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

அவள் சொன்னாள். மேடைக் குரல் இல்லை, அழுகை இல்லை. நடந்ததை நடந்தபடி. உன் சோற்றைக் குறைத்தேன். பஸ் இருந்தது, வரவில்லை. உன் கையைக் காலால் தள்ளினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்க யாரும் இல்லாத இடத்தில், அவள் உண்மையாகவே மனம் திரும்பினாள். சொல்லச்சொல்ல நெஞ்சு லேசானது. கூடவே இன்னொன்றும் லேசானது. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வாயை விட்டுப் போய்த் திரும்பவில்லை. ஏணி என்று மறுபடி சொல்லப் பார்த்தாள். அந்த வார்த்தை இல்லை. அரிசி இல்லை. தவசி என்கிற பேர் இல்லை. நாக்கு கனத்துக் கிடந்தது.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. மன்னித்துவிடு என்பது.

வாயைத் திறந்தாள்.

"ம்பே" என்றது.

அப்போது ஒலிபெருக்கியில் பாஸ்டரின் குரல் வந்தது. தெளிவாக, காதுக்குள் பேசுவதுபோல. "சகோதரி அன்னக்கொடிக்கு ஒடம்பு முடியலைன்னு இப்பத்தான் நம்ம தவசி அண்ணே சொல்லிட்டு ஒக்காந்தாக. ஆனா பாருங்க, ஆண்டவர் அவுகளையே கொண்டாந்து நிறுத்திட்டாரு! தவசியண்ணே, ஏன் எந்திரிக்கிறீக? ஒக்காருங்க. சாட்சிய முன்வரிசையிலருந்து கேளுங்க."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

தொண்டையைச் செருமுகிற சத்தம். அன்னக்கொடிக்கு அந்தச் செருமல் தெரியும். அது அவளுடையது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க" என்றது அவளுடைய குரல். "எனக்குப் பேச்சு வராதுங்க. பொறந்ததுலருந்து வராது. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"ஆமென்!"

"மூணு நாள் நான் இருட்டுல இருந்தேன். மொத நா நல்லா மொழுகுனேன். பசிச்சது. ரெண்டாம் நா எங்கண்ணன் வந்தாக. லாரிய ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்தாக. கெழக்குச் சுவத்துல ஏணி சாத்தியிருந்துச்சு. நான் உள்ளருந்து தட்டுனேன். அண்ணன் கிட்ட வந்தாக. பொத்தல்ல கைய நீட்டுனேன். அத அவுக புடிச்சாக. ரொம்ப நேரம் புடிச்சிருந்தாக. பெறகு விட்டாக. லாரி போற சத்தம் கேட்டுச்சு."

கூட்டத்தில் எங்கோ ஒரு குழந்தை மட்டும் இருமியது.

"மூணாம் நா வரைக்கும் மொழுகுனேன். எங்க மதினி வந்து ஏணி போடுவாகன்னு." குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வதுபோல இருந்தது. "மதினி அப்ப ரட்சிக்கப்படப் போயிருந்தாக."

பழக்கத்தில், என்ன கேட்டோம் என்று புரியாமலே, நூறு வாய்கள் ஒன்றாகச் சொல்லின. "ஸ்தோத்திரம்!"

தலைக்கு மேலே வெளிச்சம் வந்தது. அன்னக்கொடி அண்ணாந்து பார்த்தாள். கூரை இல்லை. வட்டமாக ஒரு வாய், அதற்கு மேல் சாயங்கால வானம். எதிரே, வளைந்த சுவரில், ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தது.

ஓடினாள். முதல் படியைப் பிடித்தாள். உறுதியான படி.

கைக்குள்ளேயே அது மேலே நகர்ந்தது. மெதுவாக. ஏணியின் இரண்டு கால்களும் தரையை விட்டு எழுந்து, அவள் முகத்தைத் தாண்டி, நீட்டிய விரல்களைத் தாண்டி, வட்டத்துக்குள் போய் மறைந்தன. மூடி இழுபடுகிற சத்தம்.

இருட்டில் காலில் ஏதோ தட்டுப்பட்டது. பானை. குளிர்ந்து, நிரம்பியிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கையை அதில் தோய்த்து, சுவரில் வைத்து, அரை வட்டமாக, மேடுபள்ளம் இல்லாமல், கவனமாக இழுக்கத் தொடங்கினாள்.

உங்கள் பக்கத்திலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கே நடந்தும் இருக்கலாம். கட்டாயம் எனக்கு எழுதுங்கள். ஆனால் அது யாரிடமாவது நேரில் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்தால், முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, பிறகு எழுதுங்கள்.